பாலித் தீவின் கலைக்கூடங்கள்: ஐந்து நாட்களில் எவற்றைப் பார்க்கலாம்?

தாழைமடல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வரும் ஆகஸ்டு மாதம் என் தங்கையுடன் பாலித் தீவுக்குச் செல்கிறேன். பயண முகவர் கொடுத்த பட்டியலில் கடற்கரை, குரங்குக் காடு, பள்ளத்தாக்கின் மேல் ஆடும் ஊஞ்சல், மாலை நேரக் கோயில் ஆகியவை இருக்கின்றன. ஓவியம் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய இதழில் லெம்பாட் என்ற பாலி ஓவியரின் கோட்டோவியம் ஒன்றை அச்சில் பார்த்தேன். கையை எடுக்காமல் இழுத்தது போன்ற அந்த ஒற்றைக் கோட்டை மாணவர்களுக்குக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்து காட்டியிருக்கிறேன். அதன் மூலத்தைப் பார்க்க வேண்டும் என்பதே என் முதல் விருப்பம்.

ஐந்து முழு நாட்கள் இருக்கின்றன. எனக்கு முழங்கால் வலி உண்டு என்பதால் ஒரு நாளில் இரண்டு இடங்களுக்கு மேல் இயலாது. எவற்றைப் பார்க்கலாம், எவற்றை விட்டுவிடலாம் என்று, சென்று வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரைவலை எழுதியது:

வணக்கம் அம்மா. நான் சிங்கப்பூரில் வேலை செய்பவன் என்பதால் பாலிக்கு ஆறு முறை போகும் வாய்ப்புக் கிடைத்தது. முதல் இரண்டு முறையும் கடற்கரையோடு திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை மழைக்கு ஒதுங்கித்தான் ஓர் ஓவியக்கூடத்துக்குள் நுழைந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உபுட் என்ற ஊரில் குறைந்தது மூன்று இரவுகள் தங்குங்கள். நீங்கள் தேடும் லெம்பாட் அங்கேதான் இருக்கிறார். முதலில் பூரி லூக்கிசானுக்குப் போங்கள். ‘பூரி’ என்றால் அரண்மனை, ‘லூக்கிசான்’ என்றால் ஓவியம். உபுட் அரச குடும்பத்தைச் சேர்ந்த சொகோர்டா கெடே அகுங் சுகாவதியும், 1929-இல் பாலிக்கு வந்து தங்கிய டச்சு ஓவியர் ரூடால்ஃப் பொன்னேயும் சேர்ந்து உருவாக்கிய அருங்காட்சியகம் அது. 1954 ஜனவரியில் அன்றைய இந்தோனேசியப் பிரதமர் அலி சாஸ்த்ரோஅமிஜோயோ அடிக்கல் நாட்டினார், 1956-இல் திறக்கப்பட்டது. ஆனால் அதன் கதை அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1936-இல் இதே இருவரும், ஜெர்மானிய ஓவியர் வால்டர் ஸ்பீஸும், லெம்பாட்டும் சேர்ந்து ‘பித்த மஹா’ என்ற ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார்கள். நம் ‘பிதாமகர்’ என்ற சொல்லேதான் அது. உபுட், பத்துவான், சனூர், மாஸ் முதலிய ஊர்களிலிருந்து 100-க்கும் மேற்பட்ட ஓவியர்களும் சிற்பிகளும் அதில் இருந்தார்கள். பயணிகளுக்காக அவசர அவசரமாகச் செய்யப்பட்ட மலிவுப் பொருட்கள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. கொண்டுவரப்படும் படைப்புகளை ஒரு குழு பார்த்து, தரமானவற்றை மட்டும் கண்காட்சிக்கும் விற்பனைக்கும் அனுப்பியது. நல்லவையெல்லாம் விற்றுக் கப்பலேறிவிட்டால் ஊரில் என்ன மிஞ்சும் என்ற கவலையிலிருந்து பிறந்ததுதான் பூரி லூக்கிசான்.

வாசலிலிருந்து சிறு பள்ளம் ஒன்றைக் கடந்து போக வேண்டும்; தாமரைக் குளத்தைச் சுற்றித் தனித்தனி மண்டபங்கள். போருக்கு முந்தைய ஓவியங்களும் லெம்பாட்டின் கோட்டோவியங்களும் வடக்கு மண்டபத்தில் இருக்கின்றன. படிகள் உண்டு என்றாலும் ஏற முடியாதவை அல்ல.

அடுத்தது நேக்கா. சிற்பி ஒருவரின் மகனும் ஒருகாலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவருமான சுதேஜா நேக்கா 1982-இல் திறந்தது. எந்த ஊர் ஓவிய மரபு எது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் இதைவிட ஒழுங்காக அடுக்கப்பட்ட இடம் இல்லை. லெம்பாட்டுக்கெனத் தனி மண்டபமே இருக்கிறது. மூன்றாவது அகுங் ராய் அருங்காட்சியகம். அதை ‘அர்மா’ என்றால்தான் ஓட்டுநர்களுக்குத் தெரியும். கூட்டா கடற்கரையில் பயணிகளிடம் ஓவியங்களைக் கூவி விற்ற ஒருவர் 1996-இல் திறந்த அருங்காட்சியகம் என்பதே எனக்கு அதன் மேல் தனி மதிப்பைத் தருகிறது. ஸ்பீஸ் 1930-இல் வரைந்த ‘சலோனாரங்’ என்ற ஓவியம் அங்கே இருக்கிறது. ஜாவாவின் ராடன் சாலே 1837-இல் தீட்டிய பிரபுவும் மனைவியும் இருக்கும் ஓவியமும் இருக்கிறது.

ஓவியர் அந்தோனியோ பிளாங்கோவின் மாளிகையை நான் தவிர்ப்பேன். ஒரு மனிதர் தன்னையே காட்சிப்பொருளாக்கிக்கொண்ட இடம் அது. தங்கைக்குப் பிடித்தாலும் பிடிக்கும்.

ஓர் எச்சரிக்கை. உபுட் வட்டாரத்தில் விற்பனைக் கடைகளும் தங்களைக் கலைக்கூடம் என்றே அழைத்துக்கொள்கின்றன. ஓட்டுநர் “இதுவும் அருங்காட்சியகம்தான், நுழைவுக் கட்டணம்கூட இல்லை” என்று சொன்னால், அது கடை என்று பொருள்.

புறவழி எழுதியது:

மாற்றுக் கருத்தைச் சொல்வதற்கு மன்னிக்கவும். பாலியில் அருங்காட்சியகத்துக்குப் போவது, திருவிழா நடக்கும் ஊரில் வீட்டுக்குள் உட்கார்ந்து திருவிழாவின் நிழற்படங்களைப் பார்ப்பது போன்றது. பெஜெங் என்ற ஊரில் உள்ள ஒரு கோயிலில் ஒரு வெண்கல முரசு இருக்கிறது. உயரம் 186 சென்டிமீட்டருக்கும் மேல். உலகின் எந்தப் பெரிய அருங்காட்சியகமும் அதைக் கண்ணாடிக்குள் வைத்து விளக்குப் போட்டுக் காட்டியிருக்கும். அங்கேயோ அது உயரமான ஒரு மாடத்தின் மேல், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாலும் முழுதாகத் தெரியாத இடத்தில், தெய்வமாக இருக்கிறது. வானிலிருந்து நிலவின் சக்கரம் ஒன்று கழன்று மரத்தில் விழுந்ததாம். அதன் ஒளியில் திருட முடியாமல் தவித்த திருடன் ஒருவன் மரமேறி அதன் மீது சிறுநீர் கழித்து ஒளியை அணைத்தானாம். இந்தக் கதையோடு அந்த முரசு வாழ்கிறது. எடுத்து வந்து எண் ஒட்டினால் இரண்டும் செத்துப்போகும்.

இரண்டாவது, உபுட் ஓவியம் பாலியின் ஓவியமா என்பதே என் ஐயம். ஸ்பீஸும் பொன்னேயும் வரும் வரை அங்கே கோயில் துணியில் இராமாயணமும் பாரதமும்தான் வரைந்தார்கள். வயல், சந்தை, அறுவடை, குளிக்கும் பெண்கள் என்பவையெல்லாம் ஐரோப்பியர் விரும்பிக் கேட்டவை. தேர்ந்தெடுத்த குழுவிலும் ஐரோப்பியர், வாங்கியவர்களும் ஐரோப்பியர், பிறகு அருங்காட்சியகம் கட்டியதிலும் ஒருவர் ஐரோப்பியர். இதைப் ‘பாலியின் கலை’ என்று பெயர்ப்பலகை வைத்துக் காட்டுகிறார்கள். நாமும் கட்டணம் கொடுத்துப் பார்க்கிறோம்.

ஏடும்எழுத்தும் எழுதியது:

புறவழி அவர்களின் இரண்டாவது கேள்வி முக்கியமானது; ஆனால் அதற்கான விடை அவர் நினைப்பது போல அவ்வளவு எளிதன்று. நான் ஓலைச்சுவடிப் பராமரிப்பில் வேலை செய்பவன். அந்த வழியாகத்தான் பாலி எனக்கு அறிமுகமானது.

ஸ்பீஸ் பாலிக்கு வந்தது 1927-இல். அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, வடக்கே சிங்கராஜாவில், பாலி ஓவியர்கள் தாளில் கதைக்காட்சிகளையும் அன்றாட வாழ்க்கையையும் வரைந்திருக்கிறார்கள். அந்தத் தாள்கள் இன்று லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. லெம்பாட்டும் ஸ்பீஸைச் சந்திக்கும்போது ஐம்பது வயதைக் கடந்தவர். அரண்மனைகளுக்கும் கோயில்களுக்கும் கல் செதுக்கி, தகன விழாவுக்கான மாட்டு வடிவப் பேழைகளைச் செய்து, கை தேறிய ஸ்தபதி. உபுட் நடுவில் தாமரைக் குளத்துடன் இருக்கும் சரஸ்வதி கோயிலும் அவருடைய வேலைதான். ஐரோப்பியர் கொடுத்தது தாளும் சந்தையும்; கோடு அவருடையது.

பத்துவான் ஓவியங்களைப் பாருங்கள். பக்கத்து ஊரில், அதே ஆண்டுகளில், அதே தாளில் வரைந்தவர்கள், உபுட்டின் ஒளியான வயல்களுக்கு நேர் எதிராக, இருட்டும் பேயும் மந்திரமும் நெருக்கமான இலைகளுமாக, ஊசி முனை இடம்கூட விடாமல் நிரப்பியிருக்கிறார்கள். மையை மெல்லியதாகக் கரைத்து அடுக்கடுக்காகப் பூசி நிழல் ஏற்றும் முறை அவர்களுடையது. மைக்கு அங்கே ‘மங்சி’ என்று பெயர். நம் ‘மசி’க்கும் அதற்கும் வேர் ஒன்று. கிரகரி பேட்சனும் மார்கரெட் மீடும் 1936 முதல் 1938 வரை பாலியில் தங்கி மானிடவியல் ஆய்வு செய்தபோது பத்துவானில் நூற்றுக்கணக்கான ஓவியங்களை வாங்கினார்கள். எந்த ஐரோப்பிய ரசனை இந்த இருட்டைக் கேட்டிருக்கும்?

தாழைமடல் அம்மா அவர்களுக்கு என் பரிந்துரை ஒன்றே ஒன்று. ஒரு நாளை ஒதுக்கிச் சிங்கராஜாவில் உள்ள கெடோங் கிர்த்யாவுக்குப் போங்கள். தெற்கிலிருந்து மலையைக் கடந்து மூன்று மணி நேரம் ஆகலாம். 1928-இல் நிறுவப்பட்ட சுவடி நூலகம் அது. லிஃப்ரிங்க் என்ற அதிகாரியின் பெயரையும், மலாக்காவில் பிறந்து சிங்கராஜாவில் வாழ்ந்த ஃபான் டெர் டூக் என்ற மொழியறிஞரின் பெயரையும் முதலில் தாங்கியிருந்தது. சுவடிகள் நீளமான மரப்பேழைகளுக்குள் இருக்கும். வேதம், ஆகமம், நாள்கோள் கணிப்பு, இதிகாசம், அரச வரலாறு, தந்திரி கதைகள் (நம் பஞ்சதந்திரம் போன்றவை) எனப் பகுத்திருக்கிறார்கள்.

அங்கே ‘லொந்தார்’ என்று சொல்வது நம் பனையோலையைத்தான். ‘ரொன்’ என்றால் இலை, ‘தால்’ என்றால் பனை. ‘ரொன்தால்’ புரண்டு ‘லொந்தார்’ ஆயிற்று. எழுத்தும் பல்லவர் கால எழுத்தின் வழி வந்ததுதான். ஆனால் இந்த இடத்தில் நம்மவர்கள் வழக்கமாக ஒரு பெருமூச்சு விட்டு, ‘எல்லாம் நம்மிடமிருந்து போனது’ என்று முடித்துவிடுவார்கள். தயவுசெய்து அப்படி முடித்துவிடாதீர்கள். நாம் எழுத்தாணியின் கூர்முனையால் ஓலையைக் கீறுகிறோம். அவர்கள் ‘பெங்ருபாக்’ என்ற சிறு கத்தியின் விளிம்பால் வெட்டுகிறார்கள். நாம் விளக்குக் கரியும் இலைச்சாறும் கொண்டு மையாடுகிறோம். அவர்கள் ‘கெமிரி’ என்ற எண்ணெய்க் கொட்டையைச் சுட்டுக் கரியாக்கித் தேய்க்கிறார்கள். ‘பிராசி’ என்ற பெயரில் ஓலையிலேயே படக்கதை கீறும் மரபு அங்கே செழித்த அளவுக்கு நம்மிடம் செழிக்கவில்லை. ஓவிய ஆசிரியையான நீங்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: விரல் இரண்டின் அகலத்துக்குள், அழித்துத் திருத்த வழியே இல்லாத பரப்பில், ஒரு போர்க்களம் முழுவதும் இருக்கும்.

புறவழி எழுதியது:

சிங்கராஜாவில் அந்தத் தாள்களில் வரையச் சொன்னவர் யார் என்பதைத் தாங்கள் சொல்லவில்லை. அதே ஃபான் டெர் டூக்தான், தம் அகராதிப் பணிக்காக. ஆக, நாற்பது ஆண்டுகள் பின்னால் போனாலும் ஓர் ஐரோப்பியர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

பத்துவான் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அந்த ஓவியங்களை நான் நேரில் பார்த்ததில்லை.

ஏடும்எழுத்தும் எழுதியது:

உண்மைதான், நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் தாளைக் கொடுத்துக் கேட்டார், இவர்கள் வரைந்தார்கள். கேட்டவன் ஒருவன் இருந்தான் என்பதாலேயே வரைந்தவனின் கை அவனுடையதாகிவிடாது என்பது என் நிலை. அரசன் கேட்டு எழுதிய காப்பியங்களை நாம் அரசனுடையவை என்று சொல்வதில்லை.

கரைவலை எழுதியது:

இந்த வாதத்துக்கு நடுவில், க்ளுங்குங் நகருக்கு அருகில் உள்ள கமாசன் ஊரின் ஓவிய மரபு விடுபட்டுப் போகக் கூடாது. ஐரோப்பியர் கை படாத ஓவியம் வேண்டுமென்றால் புறவழி அவர்கள் க்ளுங்குங்குக்குத்தான் போக வேண்டும். அங்கே அரண்மனையின் எச்சமாகக் கெர்த்த கோசா என்ற நீதிமண்டபமும், குளத்தின் நடுவில் மிதப்பது போன்ற பலே கம்பாங் மண்டபமும் நிற்கின்றன. கெர்த்த கோசாவின் கூரை உட்புறம் முழுவதும் வரிசை வரிசையாக ஓவியம். கீழ் வரிசையில் தந்திரி கதைகள், அதற்கு மேல் பீமன், பாண்டுவையும் மாத்ரியையும் மீட்க நரகத்துக்குப் போகும் கதை, நிலநடுக்கம் எந்த மாதத்தில் வந்தால் என்ன பலன் என்பதற்கும் ஒரு வரிசை, உச்சியில் தாமரை. குற்றம் சாட்டப்பட்டவர் தீர்ப்புக்காகக் காத்திருக்கும்போது அண்ணாந்து பார்த்தால், பொய் சொன்னவனுக்கும் திருடியவனுக்கும் என்ன நடக்கும் என்பது படத்தோடு தெரியும். வழக்கறிஞர் செலவு மிச்சம்.

அங்கேயுள்ள ஓவியங்கள் முன்னூறு ஆண்டுகளாக அப்படியே இருப்பவை என்று வழிகாட்டிகள் சொன்னால் நம்ப வேண்டாம். துணி நைந்துபோக, இருபதாம் நூற்றாண்டில் கமாசன் ஊர் ஓவியர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை புதிதாக வரைந்து மாற்றியிருக்கிறார்கள். ஆனால் வரைந்தவர்கள் அதே ஊர், அதே மரபு. துணிக்கு அரிசிக் கஞ்சி போட்டு உலர்த்தி, சோழியால் தேய்த்து மெருகேற்றுவார்கள். காவி மண், எலும்புச் சாம்பல், விளக்குக் கரி, சீனத்துச் சாதிலிங்கம் என்று நிறங்கள் எண்ணிச் சொல்லும் அளவில்தான். கோடு போடுபவர் ஆசான்; நிறம் நிரப்புபவர்கள் வீட்டார்.

அரண்மனையின் மற்ற பகுதிகள் ஏன் இல்லை என்று கேட்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். 1908 ஏப்ரல் 28-ஆம் நாள் டச்சுப் படை வந்தபோது, அரசர் தேவ அகுங் ஜம்பே தம் குடும்பத்தோடும் பரிவாரத்தோடும் வெள்ளுடை தரித்துப் பீரங்கிக்கு நேராக நடந்து வந்து மடிந்தார். அதைப் ‘புப்புத்தான்’ என்பார்கள். தென்பசாரில் அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 1906-இல் நடந்ததும் அதுவே. அரண்மனை தரைமட்டமாக்கப்பட்டது, பொருட்கள் கப்பலேறின. க்ளுங்குங்கிலிருந்து கொள்ளை போன கெரிஸ் குறுவாள் ஒன்று 2023-இல் நெதர்லாந்து இந்தோனேசியாவுக்குத் திருப்பிக் கொடுத்த 472 பொருட்களில் ஒன்றாகத் திரும்பியது. அந்தத் தொகுதியில் பித்த மஹா காலத்து ஓவியங்களும் சிற்பங்களுமாக 132 இருந்தன. 2024-இல் மேலும் 288 பொருட்கள் வந்தன. படுங், தபனான் போர்களில் எடுத்துச் சென்ற ஆயுதங்களும் நகைகளும் காசுகளும் துணிகளும் அவற்றில் அடக்கம். எல்லாம் ஜகார்த்தாவின் தேசிய அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. ஜகார்த்தா வரை வந்தது க்ளுங்குங் வரை வர வேண்டும் என்பது என் விருப்பம். ஊர்க்காரர்கள் நினைத்தால், அன்று நீதி சொன்ன மண்டபத்துக்குப் பக்கத்திலேயே செமரஜயா அருங்காட்சியகம் இருக்கிறது.

செம்மண் எழுதியது:

நீண்ட நாட்களாக வாசிக்கிறேன், எழுதுவது குறைவு. எல்லோரும் ஓவியத்தையே பேசுவதால் இரண்டு இடங்களைச் சேர்க்கிறேன்.

தென்பசாரில் உள்ள பாலி அருங்காட்சியகத்தை ‘தூசி படிந்தது’ என்று பயணக் குறிப்புகளில் எழுதுகிறார்கள். கட்டடத்தைப் பார்க்காமல் கண்ணாடிப் பெட்டிகளை மட்டும் பார்ப்பவர்களின் பேச்சு அது. தபனான், கரங்அசெம், புலெலெங் ஆகிய மூன்று அரசுகளின் கட்டடப் பாணிகளை ஒரே மதிலுக்குள் வைத்திருக்கிறார்கள். புலெலெங் மண்டபம் 1914-இல் செமாராங் நகரில் நடந்த குடியேற்ற நாட்டுக் கண்காட்சிக்கு அனுப்பப்பட்டது. 1917 நிலநடுக்கத்தில் இடிந்தவை மீண்டும் எழுப்பப்பட்டு, 1932-இல் அருங்காட்சியகமாக முறையாகத் திறக்கப்பட்டது. 1906 புப்புத்தான் நடந்த திடல் எதிரிலேயே இருக்கிறது. உள்ளே தெங்கனான் ஊரின் கெரிங்சிங் துணியைக் கேட்டுப் பாருங்கள். பாவு நூல், ஊடு நூல் இரண்டையும் நெய்வதற்கு முன்பே முடிச்சிட்டுச் சாயமேற்றி, தறியில் இரண்டும் சரியாக வந்து பொருந்தும்படி நெய்வது. ஒரு துணிக்கு ஆண்டுகள் ஆகும்.

மற்றொன்று, மாஸ் ஊருக்கு அருகில் உள்ள செத்திய தர்மா முகமூடி, பாவைக் கூடம். ஜாவாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த பழைய மர வீடுகளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முகமூடிகள். கூட்டமே இருக்காது. நிழல் நிறைந்த இடம் என்பதால் அம்மாவின் முழங்காலுக்கும் நல்லது.

தாழைமடல் எழுதியது:

உங்கள் அனைவருக்கும் நன்றி. முகவரின் பட்டியலில் ஊஞ்சலை மட்டும் தங்கைக்காக வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கச் சொல்லிவிட்டேன். முகவருக்கு என் மேல் வருத்தம்.

ஓர் ஐயம். கோயிலில் வழிபாட்டில் இருக்க வேண்டிய முகமூடிகளும் குறுவாள்களும் அருங்காட்சியகத்தில் இருப்பதைப் பாலி மக்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்? நாம் அவற்றின் முன் எப்படி நடந்துகொள்வது?

கரைவலை எழுதியது:

அம்மா, சடங்கு செய்து உயிரேற்றப்பட்டு, கோயிலில் உயிரோடு இருக்கும் பாரொங் (காவல் தெய்வம்), ரங்டா (சூனியக்காரி) முகங்கள் அருங்காட்சியகத்துக்கு வருவதில்லை. வருபவை பெரும்பாலும் அந்தச் சடங்கு செய்யப்படாதவையோ ஓய்வு பெற்றவையோதான். ஆனாலும் அவர்கள் அவற்றை வெறும் பொருளாக நடத்துவதில்லை. 210 நாட்கள் கொண்ட அவர்களின் பவுகோன் நாட்காட்டியில் இரும்பாயுதங்களுக்குத் தும்பெக் லண்டெப் என்ற நாளும், நிழற்பாவைகளுக்குத் தும்பெக் வாயாங் என்ற நாளும் உண்டு. அருங்காட்சியகத்துக் குறுவாளுக்கும் அன்று படையல் உண்டு. காலையில் முதலில் சென்றால், வாயிலிலும் மண்டபங்களிலும் பூவும் ஊதுபத்தியுமாகச் சிறு ஓலைத் தட்டு வைக்கப்பட்டிருக்கும். அதை மிதிக்காமல் நடந்தால் போதும். அருங்காட்சியகங்களுக்கு இடுப்பில் சுற்றும் சாரோங் துணி தேவையில்லை, கோயில்களுக்குத் தேவை. அரசு அருங்காட்சியகங்கள் வெள்ளிக்கிழமைகளில் சீக்கிரம் மூடுவதுண்டு என்பதால் விடுதியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஏடும்எழுத்தும் எழுதியது:

அதே நாட்காட்டியில் சரஸ்வதி நாளும் வருகிறது. அன்று சுவடிகளுக்குப் படையல் வைப்பார்கள். படையல் முடியும் வரை யாரும் எதையும் வாசிக்கவோ எழுதவோ மாட்டார்கள். நம் வீடுகளில் சரஸ்வதி பூசையன்று புத்தகத்தை அடுக்கி வைத்துவிட்டுப் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு ஊர் சுற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தாழைமடல் எழுதியது:

திரும்பி வந்து பத்து நாட்கள் ஆகின்றன. வாக்களித்தபடி எழுதுகிறேன்.

முதல் நாள் கரைவலை அவர்கள் சொன்ன எச்சரிக்கை அப்படியே நடந்தது. ஓட்டுநர் வழியிலேயே ஒரு பெரிய கட்டடத்தின் முன் நிறுத்தி, அருங்காட்சியகம் என்றார். கட்டணம் இல்லை. உள்ளே ஒவ்வொரு ஓவியத்தின் பின்னும் விலைச்சீட்டு. தங்கை ஒரு வாத்து ஓவியத்தை வாங்கிவிட்டாள். அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

பூரி லூக்கிசானில் அரை நாள் இருந்தேன். லெம்பாட்டின் கோடு நான் நினைத்தது போல ஒரே இழுப்பில் வந்தது அன்று. அச்சில் அது தெரியாது. அருகில் நின்று பார்த்தால், முழங்கை மடிப்பிலும் துணி முடிச்சிலும் தூரிகை நின்று, மூச்சு வாங்கி, மீண்டும் கிளம்பிய இடங்கள் தெரிகின்றன. சில இடங்களில் சிவப்பும் பொன்னும் பொட்டளவுக்குத் தொட்டு வைத்திருக்கிறார். ‘கையை எடுக்காமல் வரையுங்கள்’ என்று முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேனே, அது தவறு. கையை எடுத்திருக்கிறார், எடுத்த இடம் தெரியாமல் வைத்திருக்கிறார். ஒரு வகுப்பை மீண்டும் எடுக்க வாய்ப்பிருந்தால் இதைச் சொல்வேன்.

சொகோர்டா சுகாவதி, பொன்னே, லெம்பாட் மூவரும் 1978 என்ற ஒரே ஆண்டில் மறைந்தவர்கள் என்பதை அங்கேதான் அறிந்தேன். நெதர்லாந்தில் இறந்த பொன்னேயின் சாம்பலை உபுட்டுக்குக் கொண்டுவந்து, சுகாவதியின் தகன விழாவில் சேர்த்துச் சடங்கு செய்தார்களாம். புறவழி ஐயா எழுப்பிய கேள்விக்கு இது விடை ஆகாது என்றாலும், நண்பர்களாக இருந்திருக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

நேக்காவில் பத்துவான் ஓவியங்களின் முன் தங்கை நிற்கவே மறுத்தாள். இருட்டாக இருக்கிறது, பயமாக இருக்கிறது என்றாள். எனக்கு நேர்மாறாக இருந்தது. ஓர் இலைக் கூட்டத்துக்குள் முதலில் ஒரு கண், பிறகு பல், பிறகு ஓடும் மனிதன் என்று ஒவ்வொன்றாக வெளிவந்தார்கள். மூன்றாம் நாள் முழங்கால் ஒத்துழைக்காததால் அர்மாவில் ஸ்பீஸின் ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துத் திண்ணையில் சிறுமிகளுக்கு நாட்டியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை பேசவே இல்லை. பின்னால் நின்று பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி வைக்கிறார், அவ்வளவுதான்.

க்ளுங்குங்கில் நரகத்தைப் பார்த்துக் கழுத்து வலித்தது. சனூரில் பெல்ஜிய ஓவியர் லெ மேயரின் வீட்டையும் பார்த்தோம். 1932-இல் வந்தவர், லெகோங் நாட்டியக்காரியான நி போல்லோக்கை 1935-இல் மணந்து, அவரையே வாழ்நாள் முழுதும் வரைந்திருக்கிறார். கடல் இருபது அடி தூரத்தில் இருப்பது போல் இருக்கிறது. உப்புக்காற்றில் நிறங்கள் மங்கிவருவது கண்ணுக்கே தெரிகிறது. போர்க்காலத்தில் திரைத்துணி கிடைக்காமல் கோணிச் சாக்கில் வரைந்தவையும் இருக்கின்றன. அவற்றின் முரட்டு இழை நிறத்தைப் பிடித்து வைத்திருக்கும் விதம் எனக்கு மற்றவற்றைவிடப் பிடித்தது.

கடைசி நாள் சிங்கராஜா. மலை வழியில் தங்கை முழுவதும் தூங்கிவிட்டாள். கெடோங் கிர்த்யாவில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அங்கிருந்த பெரியவர் ஒரு பேழையைத் திறந்து பிராசி ஓலை ஒன்றை என் முன் வைத்தார். ஓலையின் மணம் வந்ததும் எங்கள் தாத்தா வீட்டுப் பரண் நினைவுக்கு வந்தது. அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. நான் ஓலையைக் காட்டி “அர்ஜுனன்?” என்றேன். அவர் சிரித்து, பக்கத்து உருவத்தைக் காட்டி “கர்ண” என்றார்.

புறவழி எழுதியது:

அம்மாவின் குறிப்பைப் படித்த பிறகு என் முதல் பதிவில் இருந்த திருவிழா உவமையைத் திரும்பப் பெறுகிறேன். பெஜெங் முரசைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. அடுத்த முறை பத்துவான் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வந்து மீதியை வாதிடுகிறேன்.

தாழைமடல் எழுதியது:

ஏடும்எழுத்தும் ஐயாவுக்கு ஒரு கேள்வி. வரும் வழியில் கைவினைஞர் ஒருவரிடம் புதிதாகக் கீறிய சிறு பிராசி ஓலை ஒன்றை வாங்கினேன். சட்டமடித்துக் கூடத்தில் மாட்டலாமா, அல்லது ஞெகிழி உறை போட்டு வைக்கலாமா?

ஏடும்எழுத்தும் எழுதியது:

இரண்டும் வேண்டாம் அம்மா. ஞெகிழி உறைக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கூடத்துச் சுவரில் வெயில் பட்டால் ஓலை முறுகும். ஓலையின் அளவுக்குச் சற்றே பெரிதாக இரண்டு மெல்லிய மரச்சட்டங்களை வெட்டச் செய்து, நடுவில் ஓலையை வைத்துப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டி, காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எலுமிச்சைப்புல் எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டு, நரம்பின் போக்கிலேயே ஒருமுறை துடையுங்கள். குறுக்கே துடைக்க வேண்டாம். கரி மங்கினால் எழுதுங்கள், மீண்டும் மையாடிக்கொள்ளலாம்.